விமான நிலையத்தில் கடைசி நேர சாக்லேட்: பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: அலுவலக வேலையாக அடிக்கடி வெளிநாடு போய் வருகிறேன். கூட்டம் முடிந்ததும் நேராக விமான நிலையம்தான். ஊருக்குள் போய் எதையும் தேடி வாங்க நேரம் இருப்பதில்லை. கேட்டுக்குப் போகிற வழியில் இருக்கும் கடையில் சாக்லேட் பெட்டிகளை அள்ளிக்கொண்டு வருகிறேன். போன முறை ஒரு தோழி பெட்டியைப் பார்த்துவிட்டு, "இது இங்கேயே கிடைக்குமே" என்றாள். இன்னொரு பெட்டியைத் திறந்தால் சாக்லேட் மேல் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டுவிட்டோம். அந்த நாட்டுச் சரக்குதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? டியூட்டி ஃப்ரீ கடையில் உண்மையிலேயே விலை குறைவா? நடுவில் விமானம் மாற வேண்டியிருந்தால் பிடுங்கி வைத்துக்கொள்வார்களா? அலுவலகத்தில் பதினைந்து பேர், வீட்டில் இரண்டு குழந்தைகள், சர்க்கரை நோய் உள்ள மாமியார். யாருக்கு எதை வாங்கலாம்?
– ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் தோழி உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறார். எந்த நாட்டு விமான நிலையமானாலும் கடைக்குள் நுழைந்தவுடன் ஆளுயரத்துக்கு அடுக்கி வைத்திருப்பது பெரும்பாலும் அதே நாலைந்து பன்னாட்டு பிராண்டுகளைத்தான். பெட்டி மட்டும் வழக்கத்தைவிடப் பெரிதாக இருக்கும், 'பயணிகளுக்கென்றே தயாரித்தது' என்று ஒரு வரி அச்சிட்டிருப்பார்கள். வாசல் பக்கத்து இடம் பெரிய நிறுவனங்கள் காசு செலவழித்துப் பிடிக்கிற இடம். அந்த நாட்டுத் தயாரிப்பு என்று ஏதாவது இருந்தால் அது சுவரோரத் தட்டில் இருக்கும், அல்லது தேன், தேயிலை, சோப்பு விற்கும் மூலையில் இருக்கும். ஆகவே முதல் வேலை, வாசல் குவியலைத் தாண்டி உள்ளே போவது.

விற்பனையாளரிடம் "லோக்கல் சாக்லேட் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டால் அவர் அந்தக் குவியலையே கை காட்டுவார். "இந்த நாட்டிலேயே செய்தது எது?" என்று கேளுங்கள். "உங்கள் வீட்டில் எதைச் சாப்பிடுவீர்கள்?" என்பது அதைவிட நல்ல கேள்வி. கடைக்காரர் முகம் மாறுவதைப் பார்க்கலாம். பல சமயம் கீழ்த்தட்டில் கிடக்கும் சாதாரணமான ஒரு பாரை எடுத்துக் கொடுப்பார்.

கையில் எடுத்ததும் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் ஓவியர் வரைந்தது, பின்பக்கம் சட்டம் எழுத வைத்தது. மலை, கோபுரம், கொடி, தேசிய உடையில் ஒரு பெண் என்று முன்னால் எதை வேண்டுமானாலும் போடலாம். பின்னால் 'தயாரித்த இடம்' என்ற வரியைத் தேடுங்கள். 'பேக் செய்த இடம்', 'விநியோகிப்பவர்', 'இன்ன நிறுவனத்துக்காகத் தயாரித்தது' என்றெல்லாம் இருந்தால் அது வேறு விஷயம். எங்கோ வார்த்த சாக்லேட்டைக் கொண்டுவந்து உள்ளூர்ப் படம் போட்ட தாளில் சுற்றினாலும், பேக் செய்த இடமாக அந்த ஊரைக் குறிப்பிட்டுக்கொள்ளலாம். நினைவுப் பொருள் பெட்டிகளில் இது சகஜம்.

முன்பக்கத்துப் படத்துக்கும் கணக்குக் கேட்கிற நாடுகள் இருக்கின்றன. டோப்ளரோன் முக்கோண சாக்லேட் 1908-ல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் பிறந்தது. அதன் அட்டையில் இருந்த மேட்டர்ஹார்ன் மலையை எல்லோருக்கும் தெரியும். உற்பத்தியில் ஒரு பகுதியை ஸ்லோவாக்கியாவுக்குக் கொண்டுபோக முடிவு செய்ததும், 2023-ல் அந்த மலையை எடுத்துவிட்டுப் பெயரில்லாத ஒரு சிகரத்தைப் போட வேண்டியதாயிற்று. 2017 முதல் அமலில் இருக்கும் சுவிஸ் சட்டப்படி, உணவுப் பொருளில் நாட்டின் அடையாளத்தைப் பயன்படுத்த வேண்டுமானால் மூலப்பொருளின் எடையில் 80 சதவீதமாவது அந்நாட்டினதாக இருக்க வேண்டும். பாலைப் பொறுத்தவரை முழுவதும் அந்நாட்டினதாக இருக்க வேண்டும். அங்கே விளையவே விளையாத கோகோவுக்கு மட்டும் விலக்கு. எல்லா நாடுகளும் இவ்வளவு கறாராக இருப்பதில்லை. அதனால்தான் பின்பக்கத்தைப் படிக்கச் சொல்கிறேன்.

அடுத்து, நீங்கள் எந்த மாதிரி நாட்டில் நிற்கிறீர்கள் என்று பாருங்கள். கோகோ மரம் நிலநடுக்கோட்டுக்கு இரு பக்கமும் ஏறக்குறைய 20 டிகிரி அட்சரேகைக்குள்தான் நன்றாக வளரும். உலகக் கோகோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா என்ற இரண்டே நாடுகளிலிருந்து வருகிறது. சாக்லேட் என்றதும் நம் நினைவுக்கு வரும் சுவிட்சர்லாந்திலும் பெல்ஜியத்திலும் கோகோ விவசாயமே கிடையாது. அவர்களுடையது கைத்திறன். வேவே நகரில் டேனியல் பீட்டர் 1875-ல் பால் சாக்லேட்டை உருவாக்கினார். 1879-ல் பெர்னில் ரொடால்ஃப் லிண்ட், சாக்லேட்டை மணிக்கணக்கில் பிசைந்து மழமழப்பாக்கும் கான்ச்சிங் முறையைக் கொண்டுவந்தார். உள்ளே பூரணம் வைத்த பெல்ஜிய பிரலினை 1912-ல் பிரஸ்ஸல்ஸில் ஜான் நியூஹாஸ் செய்தார். இந்த மாதிரி நாடுகளில் அந்த ஊர் எதில் கைதேர்ந்ததோ அதை வாங்குங்கள்: சுவிட்சர்லாந்தில் பால் சாக்லேட், பெல்ஜியத்தில் பிரலின், இத்தாலியின் டூரின் பக்கம் ஹேசல் நட் அரைத்துச் சேர்த்த ஜாண்டுயா. சிசிலியில் மோடிகா என்ற ஊரின் சாக்லேட் பல்லில் சர்க்கரை நறநறவென்று கடிபடும். கான்ச்சிங் இல்லாமல் குறைந்த சூட்டில் செய்வதால் அப்படி. 2018-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடும் அதற்குக் கிடைத்தது. மழமழப்பை எதிர்பார்த்தவர்களுக்கு இது ஏதோ பழுது என்று தோன்றும், கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

கோகோ விளையும் நாட்டில் நிற்கிறீர்கள் என்றால் உங்களுக்கு யோகம்தான். ஈக்வடார், மடகாஸ்கர், வியட்நாம், கானா, டிரினிடாட், கிரனாடா போன்ற இடங்களில் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே சாக்லேட் செய்கிற சிறு தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள். முன்பெல்லாம் விதை கப்பலேறிப் போய், வேறு நாட்டில் சாக்லேட்டாகித் திரும்பி வரும். இப்போது அங்கேயே வறுத்து, அரைத்து, வார்க்கிறார்கள். மடகாஸ்கரின் சம்பிரானோ பள்ளத்தாக்குக் கோகோவில் பழப்புளிப்பு தூக்கலாக இருக்கும். ஈக்வடாரின் நாசியோனல் வகையில் பூவாசம் இருக்கும். இதற்காக எந்தத் தனிச் சுவையும் சேர்ப்பதில்லை. விதையின் குணமும், பறித்தபின் அதைப் புளிக்க வைக்கிற பக்குவமும்தான். என்னைக் கேட்டால் அப்படிப்பட்ட விமான நிலையத்தில் வேறெதையும் பார்க்கவே வேண்டாம். விளைந்த பகுதியின் பெயர் போட்ட, அந்த நாட்டிலேயே செய்த, கோகோ 70 சதவீதம் உள்ள, பால் சேராத டார்க் பார் இரண்டு எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போய் உட்காரலாம். "இங்கேயே கிடைக்குமே" என்ற பேச்சு பெரும்பாலும் எழாது.

சில ஊர்களில் புகழ்பெற்ற ஒரு தின்பண்டம் இருக்கும், விமான நிலையத்தில் கிடைப்பது அதன் இன்னொரு வடிவமாக இருக்கும். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகரில் பால் ஃப்யூர்ஸ்ட் 1890-ல் செய்த மோட்ஸார்ட் உருண்டை அப்படி. அவர் வழிவந்த கடைகளில் இன்றும் கையால் செய்து வெள்ளியும் நீலமும் கலந்த தாளில் சுற்றி விற்கிறார்கள். நாம் விமான நிலையங்களில் பார்க்கும் தங்க நிறத் தாள் உருண்டைகள் வேறு நிறுவனங்களின் ஆலைத் தயாரிப்புகள். சுவை மோசமில்லை. ஆனால் 'அசல்' என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். துபாய் சாக்லேட் என்று இப்போது எல்லோரும் கேட்கும், பிஸ்தா விழுதும் சேமியா போன்ற குனாஃபாவும் வைத்த பார் இன்னொரு உதாரணம். 2021-ல் துபாயில் ஒரு சிறு நிறுவனம் தொடங்கியது சமூக ஊடகத்தில் பரவி, இன்று பல நாடுகளில் அதே பச்சைப் பூரணத்தோடு செய்கிறார்கள். துபாயிலிருந்து வருகிறீர்கள் என்றால் துபாயில் செய்ததா என்று பார்த்து எடுங்கள். வேறு ஊரிலிருந்து வருகிறீர்கள் என்றால் எதற்கு அது? துபாய் வழியாகப் போனால் ஒட்டகப் பாலில் செய்த சாக்லேட்டைப் பாருங்கள். கொஞ்சம் உப்புச் சாயல் இருக்கும், எல்லோருக்கும் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வாங்கி வந்ததற்கு ஒரு அர்த்தம் இருக்கும்.

சேர்மானங்கள் வரியையும் ஒரு நொடி பார்த்துவிடுங்கள். எடையில் அதிகமானது முதலில் வரும். பால் சாக்லேட்டில் சர்க்கரை முதலில் வருவது வழக்கம்தான். டார்க் என்று எழுதியதில் சர்க்கரை முதலில் வந்தால் கீழே வையுங்கள். சர்வதேச உணவுத் தரமான கோடெக்ஸ், டார்க் சாக்லேட்டில் குறைந்தது 35 சதவீதம், பால் சாக்லேட்டில் 25 சதவீதம் கோகோ திடப்பொருள் இருக்க வேண்டும் என்கிறது. கோகோ விதையின் சொந்தக் கொழுப்பான கோகோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பு எவ்வளவு என்பதையும் கவனியுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் குறிப்பிட்ட ஆறு கொழுப்புகளை மட்டும் 5 சதவீதம் வரை அனுமதிக்கிறார்கள். மாங்கொட்டைக் கொழுப்பும் அந்த ஆறில் ஒன்று என்றால் பலர் நம்புவதில்லை. அட்டையில் 'சாக்லேட்' என்ற வார்த்தை நேரடியாக இல்லாமல் 'சாக்லேட் சுவை', 'கோகோ பூச்சு' என்று சுற்றி வளைத்திருந்தால் அதில் கோகோ வெண்ணெய் மிகக் குறைவு அல்லது இல்லவே இல்லை. நியூயார்க் சந்தையில் 2024 டிசம்பரில் கோகோ டன்னுக்கு 12,000 டாலரைத் தாண்டியது. சில ஆண்டுகளுக்கு முன்புவரை 2,000, 3,000 என்று இருந்த சரக்கு. அதன் பிறகு பார்கள் இளைத்தன, உள்ளே வேஃபரும் கேரமலும் கூடின. பழைய ஞாபகத்தில் வாங்கினால் அட்டைதான் பழையதாக இருக்கும்.

விலைக்கு வருவோம். வரியில்லாக் கடை என்பது அயர்லாந்தின் ஷானன் விமான நிலையத்தில் 1947-ல் தொடங்கியது. மது, சிகரெட், வாசனைத் திரவியம் ஆகியவற்றுக்கு ஊருக்குள் வரி கனமாக இருப்பதால், அந்த வரி போனால் விலை கண்கூடாக இறங்கும். சாக்லேட்டுக்குப் பல நாடுகளில் அவ்வளவு வரியே இல்லை. போவதும் கொஞ்சம்தான், கடை வாடகை அதை விழுங்கிவிடும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளேயே ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் பறக்கிறீர்கள் என்றால் 1999 முதல் அந்தச் சலுகையே கிடையாது. ஆகவே 'டியூட்டி ஃப்ரீ' பலகையைப் பார்த்து மலிவு என்று முடிவு கட்டாதீர்கள். பயணிகளுக்கான பெட்டிகள் விசித்திர எடையில் வருவதால் ஒப்பிட முடியாமல் போகும். விலைச் சீட்டின் கீழே சின்ன எழுத்தில் 100 கிராம் விலை போட்டிருந்தால் அதைப் பாருங்கள். இல்லாவிட்டால் செல்போனில் வகுத்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். 'மூன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்ற அட்டை தொங்கினால் காலாவதி தேதியை ஒரு தடவைக்கு இரண்டு தடவை பாருங்கள்.

தேதி விஷயத்தில் பாருக்கும் பூரணம் வைத்ததற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. வெறும் டார்க் பார் ஒரு வருடத்துக்கு மேலும் தாங்கும். கிரீமும் சாக்லேட்டும் கலந்த கனாஷ் பூரணம் வைத்துக் கையால் செய்தவை சில வாரங்கள்தான் தாங்கும். ஜப்பானில் விற்கும் நாமா சாக்லேட்டை 10 டிகிரிக்குக் கீழே வைத்திருக்க வேண்டும். அங்குள்ள விமான நிலையக் கடைகளில் குளிர்ப்பையும் ஐஸ் பேக்கும் சேர்த்துத் தருவார்கள். அந்த ஐஸ் பேக் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கேட்டுக்கொண்டு, உங்கள் வீட்டு வாசல் வரையுள்ள நேரத்தைக் கணக்குப் பண்ணுங்கள். தாங்காது என்றால் ஆசைப்படாதீர்கள்.

இப்போது அந்த வெள்ளைப் பூச்சு. தூக்கிப் போட்டிருக்க வேண்டியதில்லை என்று சொல்லத்தான் வேண்டும். சாக்லேட்டின் உயிர் கோகோ வெண்ணெயில் இருக்கிறது. அது உறையும்போது ஆறு விதமான படிகங்களாக உறையக்கூடியது. அதில் ஐந்தாம் வகைதான் நமக்கு வேண்டியது. பளபளப்பு, உடைத்தால் 'டக்' என்ற சத்தம், வாயில் வைத்ததும் கரைவது எல்லாம் அதனால்தான். அது உருகுவது சுமார் 34 டிகிரியில், அதாவது உடம்புச் சூட்டுக்குச் சற்றுக் கீழே. சாக்லேட் செய்யும் எங்கள் தொழிலில் டெம்பரிங் என்று சூட்டை ஏற்றி இறக்கி மணிக்கணக்கில் மல்லுக்கட்டுவது அந்த ஒரு படிகத்தைப் பிடித்து வைக்கத்தான். வாங்கியவர் அதை வெயிலில் நின்ற காரில் வைத்தால் அத்தனை உழைப்பும் கலைந்துபோகும். இளகின கொழுப்பு மேலே வந்து வேறு படிகமாக உறைந்து சாம்பல் படலமாகத் தெரியும். விரலால் தேய்த்தால் வழவழவென்று மறைந்துவிடும். சுவை கொஞ்சம் மங்கும், கடித்தால் மெழுகுத்தனம் தெரியும், ஆனால் உடம்புக்கு ஒன்றும் செய்யாது.

இன்னொரு வகை வெள்ளை, ஈரத்தால் வருவது. குளிர்ந்த சாக்லேட்டைச் சட்டென்று வெக்கையான காற்றில் திறந்தால் மேலே வியர்க்கும். அந்த ஈரத்தில் சர்க்கரை கரைந்து, காய்ந்ததும் சொரசொரப்பாக நிற்கும். வீட்டுக்கு வந்ததும் பெட்டியை நேராக ஃப்ரிட்ஜில் தள்ளி, விருந்தாளி வரும்போது எடுத்துத் திறப்பவர்களுக்கு இது நிச்சயம் நடக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்: சொட்டு பரவினால் சர்க்கரை, முத்தாக நின்றால் கொழுப்பு. இரண்டையும் சாப்பிடலாம். பரிசாகக் கொடுக்க மட்டும் அழகாக இருக்காது. சூடான பாலில் கரைத்துக் குடித்துவிடுங்கள். பஞ்சு மாதிரி பூஞ்சை, புளித்த வாடை, பூரணத்தில் நிறமாற்றம் இருந்தால்தான் குப்பைக்கு.

சாக்லேட்டுக்குப் பிடித்த சூடு 15 முதல் 18 டிகிரி. விமானக் கேபினில் பொதுவாக அதைவிடச் சற்று அதிகமாக இருந்தாலும் உருகுகிற அளவுக்குப் போகாது. அதனால் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். செக்-இன் லக்கேஜ் விமானத்துக்குள் ஏறிய பிறகு ஒன்றும் ஆகாது, ஏறுவதற்கு முன்னும் இறங்கிய பின்னும் தள்ளுவண்டியில் வெயிலில் நிற்பதுதான் ஆபத்து. வீட்டில் ஃப்ரிட்ஜ் தவிர வழியில்லை என்றால் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு உள்ளே வையுங்கள். வெளியே எடுத்த பிறகு டப்பாவைத் திறக்காமலே அறைச் சூட்டுக்கு வரும்வரை விட்டுவிடுங்கள். ரொம்ப வெப்பமான ஊருக்குப் போகிறீர்கள், வழியில் நீண்ட தூரம் காரில் போக வேண்டும் என்றால் மெல்லிய மேலோடும் இளகின பூரணமும் உள்ள பிரலின் வேண்டாம். பருமனான டார்க் பாரோ, முழு பருப்பு நிறைந்ததோ எடுங்கள். கொஞ்சம் இளகினாலும் உருவம் காப்பாற்றப்படும்.

விமானம் மாறும்போது பிடுங்குவார்களா என்றால், கட்டியான சாக்லேட்டைப் பிடுங்க மாட்டார்கள். அது திரவம் இல்லை. ரொட்டியில் தடவும் சாக்லேட், சாஸ், ஜாடியில் வரும் ஹேசல் நட் விழுது எல்லாம் திரவக் கணக்கில் வரும். கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது என்ற விதி பல விமான நிலையங்களில் இன்னும் உண்டு, அது இவற்றுக்கும் பொருந்தும். செக்யூரிட்டி தாண்டிய பிறகு வாங்கினாலும், நடுவில் இறங்கும் ஊரில் மறுபடி சோதனை இருந்தால் அங்கே மாட்டிக்கொள்வீர்கள். அப்படி ஏதாவது வாங்கினால் கடையிலேயே சீல் வைக்கும் பையில் போடச் சொல்லி, பில்லும் உள்ளே தெரிகிற மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள், வீடு சேரும்வரை பிரிக்காதீர்கள். பெரிய சாக்லேட் பெட்டி ஸ்கேனர் திரையில் செங்கல் போல அடர்த்தியாகத் தெரிவதால் பையைத் திறந்து காட்டச் சொல்வது உண்டு. ஆகவே அழகான தாளில் சுற்றி ரிப்பன் கட்டுவதை வீட்டுக்கு வந்தபின் செய்யுங்கள்.

மதுப் பூரணம் வைத்த சாக்லேட்டுகளை மதுவுக்குத் தடையுள்ள நாட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள், அந்த வழியாகப் போவதானாலும் யோசியுங்கள். உள்ளே பொம்மை வைத்த கிண்டர் சர்ப்ரைஸ் முட்டைக்கு அமெரிக்காவில் அனுமதி இல்லை. தின்பண்டத்துக்குள் தின்ன முடியாத பொருளை வைக்கக் கூடாது என்று 1938-ஆம் வருடச் சட்டம் ஒன்று அங்கே இருக்கிறது. குழந்தைகளுக்கு ஆசையாக வாங்கிக்கொண்டு அங்கே இறங்கினால் சுங்கத்தில் விட்டுவிட்டு வர வேண்டியதுதான்.

அலுவலகத்துப் பதினைந்து பேருக்குத் தனித்தனியாக எதுவும் வாங்க வேண்டாம். ஒவ்வொரு துண்டும் தனித்தனியாகத் தாள் சுற்றிய பெட்டி ஒன்று, இருபதுக்கு மேல் எண்ணிக்கை உள்ளதாகப் பார்த்து, பொது மேஜையில் வைத்துவிடுங்கள். தாள் சுற்றாத பிரலின் பெட்டியை வைத்தால் முதல் ஆள் நல்லதைப் பொறுக்கிக்கொள்வார், மற்றவர்கள் கை பட்டதை எடுக்கத் தயங்குவார்கள். பின்பக்க அட்டையைக் கிழித்துப் போடாமல் பக்கத்தில் வையுங்கள். வேர்க்கடலை, பாதாம், முந்திரி போன்ற பருப்புகள், பால் ஒவ்வாதவர்கள் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு நிற்பார்கள், படித்துப் பார்த்துக்கொள்ளட்டும். சைவம் பார்ப்பவர்களுக்காக ஜெலட்டின், சிவப்பு நிறத்துக்குச் சேர்க்கும் E120 என்ற பூச்சிச் சாயம், மதுபானம் மூன்றையும் நீங்களே ஒருமுறை தேடிவிடுங்கள்.

குழந்தைகளுக்குச் சுவையைவிட உருவம் முக்கியம். அந்த ஊர் மிருகமோ, ரயிலோ, வார்ப்பில் இருப்பதாகக் கிடைத்தால் அதுவே போதும். 70 சதவீத டார்க்கைக் கொடுத்து முகம் சுளிக்க வைக்காதீர்கள்.

"இங்கேயே கிடைக்குமே" என்று சொன்ன தோழிக்குப் பெட்டியே வேண்டாம். ஒரே ஒரு நல்ல பார், நூறு கிராம்கூட வேண்டியதில்லை. எந்தப் பள்ளத்தாக்கு, எவ்வளவு சதவீதம், ஏன் இதை எடுத்தீர்கள் என்று இரண்டு வரி எழுதி உள்ளே செருகிவிடுங்கள். விமான நிலையத்தில் வாங்கியதை மறைக்கவும் வேண்டாம். பின்பக்கத்தைப் படித்து வாங்கியவர் தயங்கக் காரணமே இல்லை.

மாமியார் விஷயத்தில் கடைக்காரர் 'சுகர் ஃப்ரீ' பெட்டியை நீட்டுவார். அதில் பெரும்பாலும் மால்டிடால் போன்ற சர்க்கரை ஆல்கஹால் இருக்கும். சர்க்கரை அளவைக் குறைவாக ஏற்றினாலும் ஏற்றவே செய்யும். நாலைந்து துண்டு அதிகமானால் வயிறும் பிடுங்கிக்கொள்ளும். 70 சதவீத டார்க்கிலும் 100 கிராமுக்கு ஏறக்குறைய 30 கிராம் சர்க்கரை உண்டு. 85, 90 சதவீதத்தில் சர்க்கரை வெகுவாகக் குறையும், ஆனால் அந்தக் கசப்பு அவருக்குப் பிடிக்குமா என்பது உங்களுக்குத்தான் தெரியும். எவ்வளவு சாப்பிடலாம் என்பதை அவருடைய மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும். அவருக்கு மட்டும் நான் சாக்லேட் தட்டை விட்டுவிட்டு, நீங்கள் உள்ளே நடந்துபோன அதே மூலையில் தேயிலையோ ஒரு நல்ல சோப்போ எடுப்பேன். அதற்கும் பின்பக்கத்தைப் படித்துவிட்டுத்தான்.